இரு கரங்கள் எழுதிய ஊர்

முன்பு என்னிடம் ஓதிய இளைஞர் இருவர் அண்மையில் ஒரு சிறுகதையைக் கொண்டுவந்தனர். இருவரும் கூடி எழுதியது. கதை எப்படி என்று அவர்கள் கேட்கவில்லை. “ஹஜ்ரத், யார் பெயரை முதலில் போடுவது?” என்றே கேட்டனர். அக்கேள்விக்கு விடை தேடியபோது அரபு இலக்கியத்தில் நான் படித்த சில நூல்கள் நினைவுக்கு வந்தன.

இருவர் சேர்ந்து ஒரு நூல் செய்வது நமக்குப் புதிதன்று. மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் தஃப்ஸீர் ஜலாலைன் இரண்டு ஜலாலுத்தீன்களின் உழைப்பாகும். மஹல்லீ இமாம் அல்கஹ்ஃபு முதல் இறுதிவரை எழுதி, ஃபாத்திஹாவுக்கும் விரிவுரை செய்தபின் காலமானார். அல்பகரா முதல் பனீ இஸ்ராயீல் முடிய உள்ள பகுதியை ஹிஜ்ரி 870இல் ஸுயூத்தீ இமாம் எழுதி நிறைவு செய்தார். முன்னவரின் நடையையே பின்னவரும் மேற்கொண்டார். ஆயினும் தம் பகுதி எங்கே முடிகிறதென்பதை வெளிப்படையாகக் குறித்து வைத்தார். பிறர் தொடங்கிய மனையைக் கட்டி முடித்தவரின் நேர்மை அது.

கதைக்கும் இந்த முறை பொருந்துமா? எகிப்தின் பேரறிஞர் தாஹா ஹுஸைனும் நாடகாசிரியர் தவ்ஃபீக் அல்ஹகீமும் 1936இல் ‘அல்கஸ்ருல் மஸ்ஹூர்’, அதாவது ‘மாயமாளிகை’, என்னும் நூலைக் கூட்டாக வெளியிட்டனர். அல்ஹகீம் 1934இல் ஷஹ்ரஸாதை நாயகியாக்கி ஒரு நாடகம் எழுதியிருந்தார். அந்த ஷஹ்ரஸாதே சினந்தெழுந்து, தன்னைச் சித்திரித்த ஆசிரியரைத் தன் மாளிகைக்குக் கவர்ந்து சென்று கணக்குக் கேட்கிறாள். ஆசிரியர்கள் இருவரும் கதைக்குள் பாத்திரங்களாக வருகின்றனர். ஒருவர் தொடுக்க மற்றவர் மறுக்கும் இந்த விளையாட்டு படிக்க இனிமையானதே. ஆனால் நூலை மூடியதும் இரு மேதைகளின் உரையாடல் மனத்தில் நிற்கிறதேயன்றிக் கதை நிற்பதில்லை. ஷஹ்ரஸாத் அல்ஹகீமின் சொத்து. தாஹா ஹுஸைன் அங்கே விருந்தாளி. விருந்தாளி எவ்வளவு உரிமையோடு பேசினாலும் வீடு அவருடையதாகிவிடாது.

இதற்கு நேர்மாறானது 1982இல் வெளிவந்த ‘ஆலமுன் பிலா கராஇத்’, ‘வரைபடங்கள் இல்லா உலகம்’ என்னும் நாவல். எழுதியவர்கள் அப்துர் ரஹ்மான் முனீஃபும் ஜப்ரா இப்ராஹீம் ஜப்ராவும். முனீஃப் நஜ்து நாட்டுத் தந்தைக்கு அம்மானில் பிறந்தவர். எண்ணெய்ப் பொருளாதாரம் கற்றவர். 1963இல் சவூதிக் குடியுரிமையைப் பறிகொடுத்தவர். ஜப்ரா பெத்லஹேமில் வளர்ந்த கிறிஸ்தவர். 1948இல் பலஸ்தீனம் சிதைந்தபின் பக்தாதில் குடியேறியவர். ஊரிழந்த இவ்விருவரும் பக்தாதில் நண்பர்களாயினர்.

அவர்கள் படைத்த கதையூரின் பெயர் அம்மூரிய்யா. ஹமாஸாவைத் தொகுத்த அபூதம்மாமின் புகழ்பெற்ற கஸீதாவால் இப்பெயரை நாம் அறிவோம். கலீஃபா முஃதஸிம் 838இல் வென்ற பழைய நகரம் அது. நாவலின் அம்மூரிய்யாவோ எந்த வரைபடத்திலும் இல்லாத தற்கால அரபு நகரம். அங்கே நஜ்வா என்னும் பெண் கொல்லப்படுகிறாள். அவளைக் காதலித்த எழுத்தாளன் அலாவுத்தீன் கதையைச் சொல்கிறான். அவன் நினைவை அவனாலேயே நம்ப முடியவில்லை. கொன்றவன் தானோ என்ற ஐயமும் அவனை விடவில்லை.

எந்தப் பகுதி யாருடையதென்று ஆசிரியர்கள் பிரித்துக் காட்டவில்லை. ஸனது பார்த்தே ஒரு சொல்லை ஏற்கப் பழகிய என் போன்றோருக்கு இது முதலில் உறுத்தியது. ஹதீஸில் அறிவிப்பாளரின் சொல் கலந்துவிட்டால் அதனை ‘இத்ராஜ்’ எனக் குறையாகவே கொள்வோம். ஆனால் அங்கே ஒருவர் சொல்லாததை அவர் சொன்னதாக ஆக்கும் அபாயம் உண்டு. இங்கே இருவரும் முழு நூலுக்கும் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டிருக்கின்றனர். தன் நினைவு எது, கற்பனை எது என்று பிரித்தறியாத ஒருவனின் குரலுக்கு, பிரித்தறிய இயலாத இரு கரங்கள் பொருந்தவே செய்கின்றன.

குறையும் உண்டு. கற்றோர் கூடிப் பேசிக்கொண்டேயிருக்கும் ஜப்ராவின் உலகமே இதில் மேலோங்கி நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது. 1984இல் வெளிவரத் தொடங்கிய ‘முதுனுல் மில்ஹ்’ நாவல் வரிசையில் எண்ணெயால் உருமாறும் பாலைவாழ்வை முனீஃப் காட்டிய வலிமை இங்கே மெலிந்திருக்கிறது. பல பக்கங்கள் நீண்டு அயர்ச்சி தருகின்றன. இருந்தும் அம்மூரிய்யா நிலைத்து நிற்கிறது. அது இருவரில் எவருடைய சொந்த ஊரும் அன்று. இருவரும் இழந்த ஊர்களிலிருந்து கல் கொணர்ந்து பொது நிலத்தில் எழுப்பியது.

மாணவர்களின் கதையை மீண்டும் படித்தேன். அதிலுள்ள வீடு, பாட்டியார், மூடிய பழைய கடை எல்லாம் ஒருவரின் குடும்பத்துக்கு உரியவை. மற்றவர் சொற்களைச் செப்பமிட்டிருக்கிறார், நன்றாகவே செய்திருக்கிறார். இருவரையும் அழைத்து, “இது ஒருவருடைய கதை. அவர் பெயரையே போடுங்கள். உதவியவருக்கு அவர் முன்னுரையில் நன்றி சொல்லட்டும். இருவர் பெயரும் வரவேண்டுமாயின், இருவருக்கும் சொந்தமில்லாத ஓர் ஊரைத் தேடி அடுத்த கதையைத் தொடங்குங்கள்” என்றேன்.

செப்பமிட்டவரின் முகம் சற்று வாடியது. மறுவாரம் இருவரும் சேர்ந்தே வந்தனர். கையில் புதிய குறிப்பேடு ஒன்றிருந்தது.