மிஷனரியின் தோட்டமும் துரையின் தோட்டமும்

1890ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு நூல் வெளியாயிற்று. 'இன்பப் பள்ளத்தாக்கு: ஊவாவில் எமது புதிய மிஷன் தோட்டம்' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். எழுதியவர் வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனரியான சாமுவேல் லாங்டன். 1879இல் கண்டியில் பெண்களுக்கென உயர்தரப் பாடசாலை நிறுவியவர் அவர். பெண் கல்வி ஏளனத்துக்குள்ளான காலத்தில் அது அருஞ்செயலே. அதை மறுப்பது நேர்மையன்று.

ஆயினும் அந்தத் தலைப்பு நம்மை உறுத்துகிறது. இன்னொரு நூலுக்கும் அவர் 'எனது மிஷன் தோட்டம்' என்றே பெயரிட்டார். ஆங்கில வாசகனுக்குத் தோட்டம் என்றால் பூஞ்செடியும் அதைப் பேணும் கருணைக் கரமும் தோன்றும். பதுளையில் தோட்டம் என்பது பிரட்டுக் களம், லயத்து அறை, கங்காணியின் கணக்கு. என் வகுப்பில் 'தோட்டம்' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தால் ஒரு பிள்ளையேனும் ரோசாப்பூவைப் பற்றி எழுதியதில்லை.

பள்ளத்தாக்கில் இன்பம் யாருக்கு இருந்தது? 1892இல் நெல்வரி ஒழிக்கப்படுமுன், வரிப் பாக்கிக்காக ஊவாவிலும் அடுத்துள்ள வலப்பனையிலும் சிங்களக் குடியானவர்கள் வயல்களை இழந்தனர். நூல் வெளிவந்த அதே 1890இல்தான் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். கோப்பியை நோய் அழித்த மலைகளில் தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. மிஷனரி வரலாறுகளை எழுதுவோர் இவற்றைப் பின்னணிக் காட்சியாக ஒதுக்கிவிட்டு, ஒரு தனிமனிதரின் தியாகத்தை மட்டும் முன்னிறுத்துகின்றனர்.

தோட்டத் தமிழரிடையே வேறொரு மிஷன் பணியாற்றியது. 1854இல் தொடங்கிய அதற்குத் 'தமிழ்க் கூலி மிஷன்' என்றே பெயர். மேற்பார்வை மிஷனரியைச் சர்ச் மிஷன் சங்கம் அளித்தது. உபதேசிமாரின் சம்பளத்துக்குத் தோட்டத் துரைமார் பணம் சேர்த்தனர். அவ்வுபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வந்த தமிழர். லயத்துச் சனங்களின் மொழியும் ஊர்ப்பாசமும் அறிந்தவர்கள். ஆனால் துரையின் காசில் வாழ்பவர் துரையின் கூலிக் கணக்கைப் பற்றி எங்ஙனம் வாய் திறப்பார்? தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய 'துண்டு' முறை 1921வரை நீடித்தது. உபதேசியார் தைரியமற்றவர் என்று நான் பழிக்கவில்லை. அவரது வயிறும் அத்துரையின் கையில்தான் இருந்தது.

எழுத்தறிவு லயங்களுக்கு ஓரளவேனும் எட்டியதில் அவர்களுக்குப் பெரும்பங்குண்டு. 1907ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்பளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்துவதற்கு நெடுங்காலம் முன்னரே அவர்கள் மலையேறிவிட்டார்கள். இலண்டனில் அச்சான நூல்களில் மிஷனரியின் பெயர் முகப்பில் நிற்கிறது. பாட்டனார் உபதேசியாராக இருந்தார் என்று சொல்லும் குடும்பங்கள் இந்த மலைநாட்டில் இன்னும் இருக்கின்றன. மேல்வகுப்பு மாணவர் சிலரேனும் ஒரு கொப்பியுடன் அவ்வீடுகளின் திண்ணையில் போய் அமரட்டும்.