முறைப்பாடும் முகமூடியும்

மொட்டைக் கடிதம் நமக்குப் புதிய பொருளன்று. ஆசிரியர் ஒருவரின் இடமாற்றத்தின் பின்னாலும், சங்கக் கடை முகாமையாளர் ஒருவரின் பதவி நீக்கத்தின் பின்னாலும் கையொப்பமற்ற தாள் ஒன்று கிடந்ததை நம்மிற் பலர் அறிவோம். அத்தாள் சில வேளைகளில் ஊரறிந்த களவை அம்பலப்படுத்தியது. சில வேளைகளில் நேர்மையான மனிதன் ஒருவனின் வாழ்வைக் குலைத்தது. இன்று அதே கடிதம் அஞ்சற் பெட்டியை விட்டு இணையத்திற் குடியேறியுள்ளது. கடையிற் பொருள் வாங்கியவரும், விடுதியில் உணவுண்டவரும், வங்கியிற் கடன்பட்டவரும் தம் பெயரை மறைத்து, நிறுவனத்தின் பெயரை மட்டும் குறித்து, உலகறியக் குறை கூறலாம். இதுவும் ஒருவகை எழுத்தே. எனவே இதனை விமரிசிக்கும் கடமை இலக்கியம் பயில்வோர்க்கும் உண்டு.

இத்தகைய எழுத்தை நம்பலாமா என்ற வினாவுக்கு இரு விடைகள் வழக்கிலுள்ளன. பெயரிடத் துணியாதவனின் சொல்லைப் பொருட்படுத்தலாகாது என்பது ஒன்று. பாதிக்கப்பட்ட மக்களின் குரலாதலின் அதனை அப்படியே ஏற்கவேண்டும் என்பது மற்றொன்று. முன்னது வியாபாரிகள் விரும்பும் விடை. பின்னது முற்போக்காளர் சிலரை மயக்கும் விடை. இரண்டும் தவறு என்பதே நம் துணிபு.

முதலாவது விடையை வரலாறு மறுக்கிறது. 1994 ஒக்ரோபரில், அமெரிக்காவின் புரொடிஜி என்னும் கணினித் தொடர்புச் சேவையில், ஸ்ட்ராட்டன் ஓக்மொண்ட் என்ற பங்குத் தரகு நிறுவனம் மோசடி செய்கிறது என அடையாளந் தெரியாத ஒருவர் எழுதினார். எழுதியவர் யாரென்று தெரியாமையால், எழுத இடங்கொடுத்த புரொடிஜியின் மீது நிறுவனம் வழக்குத் தொடுத்தது. இருபது கோடி டொலர் நட்டஈடு கோரியது. 1995 மே மாதத்தில் நியூயோர்க் நீதிமன்றமொன்று, புரொடிஜியைப் பத்திரிகை வெளியீட்டாளருக்குச் சமமாகக் கொள்ளவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில் புரொடிஜி வருத்தம் தெரிவிக்க, வழக்குக் கைவிடப்பட்டது. பணம் படைத்தவன் வென்றான், மன்னிப்பும் பெற்றான்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 1996 இல் அந்நிறுவனம் பங்குத் தரகர் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டது. 1999 இல் அதன் தலைவர்கள் பங்கு மோசடிக் குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டனர். 2013 இல் உலகெங்கும் ஓடிய 'வோல்ஸ்ட்ரீட்டின் ஓநாய்' என்ற திரைப்படம் இவர்களது கதையே. பெயரற்றவர் எழுதிய ஒவ்வொரு சொல்லும் மெய்யென்று இதனால் நிறுவப்பட்டுவிடவில்லை. எனினும் அவர் எழுப்பிய ஐயம் வீண் ஐயமன்று என்பது தெளிவாயிற்று. அவர் தம் பெயரை இட்டிருப்பின் என்ன நேர்ந்திருக்கும்? இருபது கோடி டொலர் வழக்கைத் தாங்கும் வலிமை எந்தச் சாதாரண மனிதனுக்கு உண்டு? பெயரை வெளியிடும் துணிவைப் பற்றி உபதேசிப்போர், அத்துணிவுக்குச் செலுத்தவேண்டிய விலையைப் பற்றிப் பேசுவதில்லை. ஒப்பந்தத்தின் பொடி எழுத்துகளுக்கிடையே, குறை கூறுவதில்லை என்ற நிபந்தனையைப் புகுத்தி வாடிக்கையாளரின் வாயைக் கட்டும் வழக்கமும் இருந்தது. அந்நிபந்தனைகள் செல்லாவென ஆக்குதற்கு அமெரிக்காவில் 2016 இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

இரண்டாவது விடையும் அதே நாட்டில், அதே காலத்தில் பொய்த்தது. 1995 ஏப்ரில் 19 ஆந் திகதி ஒக்லஹோமா நகரக் குண்டுவெடிப்பில் 168 பேர் மாண்டனர். அடுத்த சில நாட்களில், அப்படுகொலையை எள்ளி நகையாடும் வாசகங்கள் பொறித்த சட்டைகள் விற்பனைக்கு உள்ளன என்று பெயரற்ற ஒருவர் ஒரு கணினிச் சேவையில் விளம்பரம் எழுதினார். அதில் இட்ட தொலைபேசி எண் சியாட்டில் நகரத்தவர் ஒருவருடையது. அவர் அத்தகைய சட்டை எதனையும் விற்றவரல்லர். ஆயினும் மாத முடிவில் ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அவருக்கு வசைமொழி வந்தது. வீட்டுக்குப் பொலிசார் கண்காணிப்பு இடவேண்டியதாயிற்று. இது முறைப்பாடன்று, போலி விளம்பரமே. எனினும் பெயரற்ற எழுத்து ஒரு தனி மனிதனை என்ன செய்யவல்லது என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டா.

அவருக்கு நீதி கிடைத்ததா? புரொடிஜி தீர்ப்பினால் எழுந்த அச்சத்தின் விளைவாக, 1996 இல் அமெரிக்கக் காங்கிரஸ் தொடர்பாடல் ஒழுக்கச் சட்டத்தின் 230 ஆம் பிரிவை இயற்றியிருந்தது. பிறர் எழுதுவதற்கு இடமளிப்போர் அவ்வெழுத்துக்கு வெளியீட்டாளராகமாட்டார் என்பது அதன் சாரம். 1997 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அப்பிரிவைக் காட்டியே சியாட்டில் மனிதரின் வழக்கைத் தள்ளியது. ஏழை முதலீட்டாளனின் குரலைக் காக்க உதவும் சட்டமே குற்றமற்றவனைக் கைவிட்டது. இருவரது கண்ணீரையும் ஒருங்கே வெளியிட்டு ஆதாயம் பெறும் நிறுவனமோ எவருக்கும் பொறுப்பாளியன்று.

முகமூடி எளியவனுக்கு மட்டும் உரியதாயின் நாம் ஓரளவு ஆறுதல் கொள்ளலாம். அதனை வலியவனும் அணிந்துகொள்கிறான். 2017 இல் இலண்டன் டல்விச் பகுதியிலுள்ள தோட்டக் கொட்டில் ஒன்றை உணவுச்சாலை எனப் பதிவுசெய்த எழுத்தாளர் ஒருவர், நண்பர்களைக் கொண்டு பொய்ப் புகழுரைகள் எழுதுவித்தார். சில மாதங்களுள், ஒரு வேளை உணவும் விற்றிராத அக்கொட்டில், டிரிப்அட்வைசர் என்ற பயண வழிகாட்டித் தளத்தில், அந்நகரின் பதினெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட உணவுச்சாலைகளுள் முதலிடம் பெற்றது. வேடிக்கைக்காகச் செய்யப்பட்டது அது. வியாபாரமாகச் செய்வோரும் உளர். பொய் மதிப்புரைகளை விற்பதையும் வாங்குவதையும், குறைகூறுவோரை மிரட்டி அடக்குவதையும் தடுக்கும் விதியொன்று அமெரிக்காவில் 2024 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்தமை, நோயின் ஆழத்தையே காட்டுகிறது. சந்தைச் சமுதாயத்தில் மக்கள் குரலும் சரக்காகிவிடுகிறது.

இம்முறைப்பாடுகளை ஊன்றிப் படிப்போமாயின் மற்றொன்றும் புலப்படும். முதலாளியின் நிறுவனத்தைக் குறைகூறத் தொடங்கும் எழுத்து, பல வேளைகளிற் சிப்பந்தியின் தலையில் முடிகிறது. உணவு பரிமாறியவன் முகஞ்சுழித்தான், காசாளப் பெண் மெதுவாக வேலை செய்தாள், சாரதி பிந்தி வந்தான் என்பனவே குற்றச்சாட்டுகள். பத்து மணி நேரம் நின்று வேலை செய்பவள் ஏன் மெதுவாக இயங்குகிறாள் என்று கேட்பார் இல்லை. ஊபர் போன்ற வாடகை வாகனச் சேவைகளிற் பயணிகள் இடும் மதிப்பெண் குறையுமாயின் சாரதி தொழிலையே இழக்க நேரிடும். அங்கே பெயரற்ற முறைப்பாடு முதலாளிக்கு எதிரான ஆயுதமன்று; முதலாளி ஊதியமின்றி அமர்த்திய கங்காணியே அது. அப்டன் சிங்கிளேயர் சிக்காகோ இறைச்சிச் சாலைத் தொழிலாளரின் துயரை நாவலாக்கி 1906 இல் வெளியிட்டபோதும் இதுவே நிகழ்ந்தது. வாசகர் தம் தட்டிலிருந்த இறைச்சியை எண்ணி வெகுண்டனர். அவ்வாண்டே உணவுத் தூய்மைக்கும் இறைச்சிப் பரிசோதனைக்கும் சட்டங்கள் பிறந்தன. இறைச்சியை வெட்டிய கைகளுக்கு அச்சட்டங்களில் இடம் இருக்கவில்லை.

அவ்வாறாயின் நாம் கொள்ளவேண்டிய அளவுகோல் யாது? பெயர் உண்டா, இல்லையா என்பதன்று. பெயரை மறைக்கலாம், நிகழ்ச்சியை மறைத்தலாகாது. எந்த நாள், என்ன பொருள், எவ்வளவு பணம், முறையிட்டபோது கிடைத்த மறுமொழி யாது என்பவற்றைக் கூறும் எழுத்து, பெயரின்றியும் சோதனைக்கு நிற்கும். 'கள்ளர், ஏமாற்றுக்காரர்' என்ற வசை மட்டும் நிரம்பிய எழுத்து, கையொப்பம் இருப்பினும் நில்லாது. குற்றஞ் சாட்டப்பட்டவன் மறுமொழி கூற வழியுண்டா என்பதும், தாக்கப்படுபவன் வலியவனா எளியவனா என்பதும் நாம் கேட்கவேண்டிய அடுத்த வினாக்கள். பெருநிறுவனத்தின் முன் பெயரை மறைத்தல் தற்காப்பு. கூலிக்காரன் முன் மறைத்தல் கோழைத்தனம்.

நம் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை அமைத்தது; பொருள் வாங்கிய மூன்று மாதங்களுக்குள் அங்கு எழுத்தில் முறையிட அது வழிவகுத்தது. எனினும் அதிகார சபையின் வாயில் வரை செல்ல நேரமும் துணிவும் மொழியறிவும் தேவை. அவை அற்றவனே இணையத்தின் இருளை நாடுகிறான். இருளைக் கடிந்து பயனில்லை. 2024 இல் நமது பாராளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் போன்றவை, பொய்க் கூற்றைத் தண்டிப்பதாகக் கூறிக்கொண்டு, மெய்யைச் சொல்பவனையும் அஞ்சச் செய்யக்கூடியன என்பதையும் மறத்தலாகாது.

தனி மனிதன் தனியே முறையிடும்வரை முகமூடி அவனுக்குத் தேவைப்படும். நூறு பேர் ஒன்றுகூடி, பற்றுச்சீட்டுகளை மேசைமேல் வைத்து, தொழிலாளரையும் உடன் அழைத்து வினவும்போது எவரும் முகத்தை மறைக்கவேண்டியதில்லை. அத்தகைய நுகர்வோர் சங்கங்களை ஊர்தோறும் அமைக்கும் பணியில் ஆசிரியரும் மாணவரும் முன்னிற்க வேண்டும். அதுவரை, பெயரற்ற கடிதம் கைக்கு வரும்போது அதைக் கிழித்தெறியவும் வேண்டாம், தலைமேற் கொள்ளவும் வேண்டாம். அதனை வாசிக்கும் முறையை வகுப்பறையிற் கற்பிப்போம்.