மீட்சியின் இலக்கியம்

பயண இலக்கியத்தை மதிப்பிடுவோர், சென்றவர் எவ்வளவு தொலைவு சென்றார், எத்துணை இடர்களைக் கடந்தார், எவற்றைக் கண்டார் என்பனவற்றையே பெரும்பாலும் அளவுகோலாகக் கொள்கின்றனர். மீண்டு வந்த பின் அவர் என்ன எண்ணினார், என்ன செய்தார் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. வீடு வந்து சேர்ந்ததும் பயணம் முடிந்துவிட்டதாகக் கருதப்படுவதே இதற்குக் காரணம். ஆயினும், கண்டதற்குப் பொருள் காணும் பணி வீடு திரும்பிய பின்னரே தொடங்குகிறது. அப்பணியைச் செய்யாத பயண நூல், இடங்களின் பட்டியலாகவோ இடர்களின் பட்டியலாகவோ நின்றுவிடும்.

தமிழ் மரபு இதனை மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தது. முல்லைத் திணையில், வினைமுடித்து மீளும் தலைவன் தேரை விரைந்து செலுத்துமாறு பாகனிடம் கூறுகிறான். அவன் உள்ளம் தலைவி காத்திருக்கும் இல்லத்தையே நாடி நிற்கிறது. இது மீட்சியின் ஒரு முகம். மற்றொரு முகம் ஆற்றுப்படையில் காணப்படுகிறது. வள்ளலைக் கண்டு பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வழியில் எதிர்ப்பட்ட வறிய கலைஞனுக்குத் தான் பெற்ற வளத்தை எடுத்துக் கூறி, அவனும் சென்று பயன்பெற வழிகாட்டும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வரையறுக்கிறது. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகளாகும். இவ்விலக்கிய வகையில் பேசுபவன் மீண்டு வருபவன்; கேட்பவன் இனிமேல் செல்லவிருப்பவன். இது ஈண்டு நோக்கற்பாலது.

இவற்றுள் கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம் தனிச்சிறப்புடையது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய இப்பாட்டு 583 அடிகளைக் கொண்டது. நன்னனின் கொடையைப் புகழ்வதோடு புலவர் அமைந்துவிடவில்லை. காட்டுப் பன்றிகளைப் பிடிக்க வைத்த பொறிகள், பாம்புகள் மறைந்துறையும் குழிகள், தினைப்புனம் காப்போர் யானைகளை விரட்ட எறியும் கவண்கற்கள், பாசி படர்ந்து வழுக்கும் இடங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே சுட்டி, அவற்றைக் கடக்கும் வகையையும் உரைக்கிறார். தன் வீரத்தை நிலைநாட்ட விரும்புபவன் இடர்களைப் பெரிதாக்கிக் காட்டுவான். வழிகாட்ட விரும்புபவன் அவற்றை உள்ளவாறே அளந்து கூறுவான். ஆற்றுப்படை பரிசிலுக்காகப் பாடிய புகழுரையே என்று சிலர் வாதிடலாம். புகழுரை ஒன்றே நோக்கமாயின், மலைவழியின் வழுக்கலைப் பாட வேண்டிய தேவையில்லை.

இவ்வுரைகல்லில் வைத்துக் காணத்தக்க மலேசிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1997 மே 23ஆம் நாள் எம். மகேந்திரனும் அவரையடுத்து என். மோகனதாசும் எவரெஸ்ட் சிகரத்தில் கால் பதித்தனர். அச்சிகரத்தை எட்டிய முதல் மலேசியர் இவ்விருவரே. அதற்கு ஓராண்டுக்கு முன், 1996 மே 10, 11 ஆகிய நாள்களில், அம்மலையில் வீசிய புயலின்போது எண்மர் உயிரிழந்தனர். அவர்களுள் சிகரத்தை அடைந்து இறங்கி வந்தோரும் இருந்தனர். 8,000 மீட்டருக்கு மேல் ஒரு மூச்சில் கிடைக்கும் உயிர்வளி, கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. உடல் தளர்ந்து, பகற்பொழுது குறைந்துவரும் வேளையில்தான் இறங்க வேண்டியிருக்கிறது. மலையேறுவோர்க்கு மீட்சியே பயணத்தின் கடினமான பாதி எனலாம். ஆயினும், மாணவர் கட்டுரைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் இவ்வரலாறு இடம்பெறும்போது, நாள், உயரம், கொடி ஆகிய மூன்றோடு அது முடிந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இருவரும் இறங்கி வந்தனர் என்பது ஒரு வரியைக்கூடப் பெறுவதில்லை.

இக்குறை சிறிதன்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் ‘திரும்புதல்’ என்னும் சொல் ஒரு சமுதாயத்தின் வரலாற்றையே தாங்கி நிற்கிறது. முன்னர் போர்ட் சுவெட்டன்ஹாம் என வழங்கிய கிள்ளான் துறைமுகத்தில் சென்னை, நாகப்பட்டினக் கப்பல்களிலிருந்து இறங்கியோர்க்கும், பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழர் பலர்க்கும், ‘ஊருக்குப் போதல்’ என்றால் கடல் கடந்து பிறந்த மண்ணுக்குச் செல்லுதல் என்றே பொருள். அவர்தம் கடற்பயணமும் இடர் மிகுந்ததே. பிழைப்பு நாடிச் சென்ற பயணம் ஆதலின் அதனை எவரும் வீரச் செயலாகக் கொண்டாடவில்லை. அவர்தம் பேரர் தலைமுறைக்கோ ஊர் இம்மண்ணே. 1997இல் கோலாலம்பூரின் பன்னாட்டு விமான நிலையமாக விளங்கிய சுபாங்கில் வந்து இறங்குவதே இத்தலைமுறைக்கு வீடு திரும்புதல் ஆயிற்று. ‘ஊர்’ என்னும் ஒரு சொல்லின் பொருள் இவ்வாறு இடம் மாறியதை, மீட்சியைப் பாடாத இலக்கியம் காணத் தவறிவிடும்.

மீண்டவர் ஆற்றக்கூடிய பணிக்கு எவரெஸ்ட் வரலாற்றிலேயே சான்றுகள் உள. 1953 மே 29ஆம் நாள் சிகரத்தை முதன்முதலில் அடைந்த இருவருள் டென்சிங் நோர்கே, 1954இல் டார்ஜிலிங்கில் தொடங்கப்பெற்ற இமாலய மலையேற்றப் பயிலகத்தில் களப்பயிற்சிக்குப் பொறுப்பேற்றுப் புதியவர்களைப் பயிற்றுவித்தார். எட்மண்ட் ஹிலாரி, ஷெர்ப்பா மக்களின் வேண்டுகோளை ஏற்று, 1961இல் கும்ஜுங் சிற்றூரில் பள்ளி அமையத் துணைநின்றார். ஒருவர் தாம் அறிந்த வழியைப் பிறர்க்குக் காட்டினார். மற்றவர் தமக்குத் துணைவந்த மக்களிடமே நன்றியோடு மீண்டு சென்றார். ஆற்றுப்படை வாழ்க்கையாக மலர்ந்த நிலை இது.

தமிழாசிரியர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று இதில் அடங்கியுள்ளது. வகுப்பறைப் பயணக் கட்டுரைகள் பலவும் விடியற்காலைப் புறப்பாட்டில் தொடங்கி, ‘களைப்புடனும் மகிழ்ச்சியுடனும் வீடு திரும்பினோம்’ என்னும் வாய்பாட்டில் முடிவதை அனைவரும் அறிவர். மாணவனின் சிந்தனை தொடங்க வேண்டிய இடத்தில் எழுதுகோல் கீழே வைக்கப்படுகிறது. கோலாலம்பூரிலிருந்து காத்மாண்டு சில மணி நேர வான்பயணமாகிவிட்ட இக்காலத்தில், தொலைதூரம் சென்று வருதல் மட்டுமே வியப்புக்குரியதாகாது. சென்று வந்தவன் கண்ணுக்குத் தன் தெருவும் பள்ளியும் வீட்டாரும் எவ்வாறு தோன்றுகின்றனர், அவன் எதற்கு அஞ்சினான், எவர் கைகொடுத்தார், அடுத்துச் செல்பவனுக்கு அவன் சொல்லக்கூடியது யாது ஆகிய வினாக்களைக் கட்டுரைத் தலைப்போடு சேர்த்து வழங்கினால் போதும். வாய்பாடு தானே கழன்றுவிடும். மலைபடுகடாத்தின் மலைவழிப் பகுதியைப் படிப்பித்த மறுநாளே இப்பயிற்சியை அளிக்கலாம். தேர்வுக்குரிய பழம்பாட்டு, மாணவன் தன் பயணத்தைச் சொல்வதற்குரிய முறையாகவும் அப்போது அவனுக்குக் கைவரும்.