ஹால் டிக்கெட்டுக்கு முன்னால் நிற்கும் 75

இந்தியாவில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு என்ன செய்கிறோம் என்று கேட்டால் பேச்சு நேராகப் பரீட்சை ஹாலுக்குள் போய்விடும். ஸ்கிரைப், கூடுதல் நேரம், தரைத்தளத்தில் இடம். 2018 ஆகஸ்டில் மத்திய சமூக நீதி அமைச்சகம் போட்ட வழிகாட்டுதல், ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று கணக்காகவே சொன்னது. உச்ச நீதிமன்றத்தின் பெரிய தீர்ப்புகளும் பரீட்சையைச் சுற்றித்தான். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில், 40 சதவீத ஊனம் என்ற எல்லைக்குள் வராதவருக்கும் ஸ்கிரைப் மறுக்கக்கூடாது என்றது. அதே வருடம் நவம்பரில், நீட் எழுதிய ஒரு மாணவிக்குக் கூடுதல் நேரம் தராதது தவறு என்றது. இரண்டுமே நல்ல தீர்ப்புகள்.

சரி, அந்த ஹாலுக்குள் போக ஹால் டிக்கெட் வேண்டுமே? அதுக்கு 75 சதவீத அட்டெண்டன்ஸ் வேண்டுமே? அங்கே மணிக்கு 20 நிமிடம் மாதிரி ஒரு கணக்கு ஏன் இல்லை? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

அண்ணா பல்கலைக்கழக விதியை எடுத்துக்கொள்வோம், பொறியியல் படித்த யாருக்கும் மனப்பாடம். 75-க்கு மேல் இருந்தால் பிரச்சினை இல்லை. 65-க்கும் 75-க்கும் நடுவில் மாட்டினால், நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது, விபத்து, குறிப்பிட்ட நோய், விளையாட்டுப் போட்டி என்று காரணமும் சான்றிதழும் காட்டிப் பரீட்சை எழுதலாம். 65-க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார்ந்து திரும்பப் படிக்க வேண்டும். கலைக் கல்லூரிகள் பலவற்றில் இந்த நடுப்பகுதிக்கு ஒரு கட்டணமும் உண்டு. பெயர் கண்டோனேஷன் ஃபீஸ்.

அந்தப் பெயரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கண்டோன் பண்ணுவது என்றால் செய்த தப்பைப் பொறுத்துக்கொள்வது. இதில் தப்பு எது? ரத்தம் ஏற்றிக்கொள்ளப் போனதா?

உதாரணத்துக்காகச் சொல்லவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் தலசீமியா இருக்கிறது, ஹீமோஃபீலியா இருக்கிறது, சிக்கிள் செல் இருக்கிறது, மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் இருக்கிறது, மனநோயும் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் சாய்தளமும் லிஃப்டும் போதாது. இவை நாட்களைத் தின்னும் ஊனங்கள். தலசீமியா மேஜர் உள்ள ஒரு பெண்ணுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும் என்று வைப்போம். 15 வாரம், 90 வேலை நாள் கொண்ட செமஸ்டரில் அது ஐந்து முறை. முதல் நாள் ரத்தப் பொருத்தம் பார்க்க, மறுநாள் ஏற்ற என்று போனால் பத்து நாள். 90-ல் 75 சதவீதம் என்றால் அதிகபட்சம் 22 நாள் விடலாம். பத்து போக பன்னிரண்டு மிச்சம், தாராளமாகத் தெரிகிறது இல்லையா? ஆனால் கிளாஸ்மேட்டுகளுக்குக் காய்ச்சல், கல்யாணம், பஸ் ஸ்டிரைக் எல்லாத்துக்கும் இருபத்திரண்டு இருக்கிறது. இவளுக்குப் பன்னிரண்டுதான்.

பாடவாரியாகக் கணக்குப் பார்க்கும் இடத்தில் நிலைமை இன்னும் மோசம். டே கேர் வார்டில் இவளுக்குக் கிடைத்த நாள் செவ்வாய். லேப் வாரத்தில் ஒருநாள், அதுவும் செவ்வாய். பதினைந்து லேப்பில் ஐந்து போய்விட்டால் பத்து, அதாவது 66.7 சதவீதம். மற்ற எல்லாப் பாடத்திலும் 90 வைத்திருந்தாலும் இந்த ஒன்றில் அவள் 'லேக்'. எச்.ஓ.டி. ரூம் வாசலில் நிற்க வேண்டும்.

இதாவது தேதி தெரிந்து வருவது. சிக்கிள் செல் வலி அப்படிக்கூட இல்லை. நீலகிரியில் பணியர், இருளர், குறும்பர் மக்களிடையே இந்த நோய் இருப்பது பல வருடமாகத் தெரிந்த விஷயம். அங்கிருந்து கோயம்புத்தூருக்குப் படிக்க வரும் ஒரு முதல் தலைமுறைப் பையனுக்கு வலி எப்போது பிடிக்கும் என்று எந்த டாக்டரும் முன்கூட்டி எழுதித் தர முடியாது. குளிர், நீர்ச்சத்துக் குறைவு, காய்ச்சல் என எதுவும் அதைக் கிளப்பலாம். ரூமிலேயே மாத்திரை போட்டுத் தண்ணீர் குடித்து ரெண்டு நாள் சுருண்டு கிடப்பான், எல்லாத் தடவையும் அட்மிட் ஆக மாட்டான். அட்மிட் ஆகாததால் டிஸ்சார்ஜ் சம்மரி இல்லை. சம்மரி இல்லாததால் 'மெடிக்கல்' இல்லை. வாழ்நாள் முழுக்க இருக்கப்போகும் நோய் என்று அரசாங்கமே சான்றும் அடையாள அட்டையும் கொடுத்த பிறகு, ஒவ்வொரு தடவையும் புதுசாக நோயாளி என்று நிரூபிக்கச் சொல்வது என்ன நியாயம்? மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்கத் தெரிந்தவனுக்கு அது எங்கே கிடைக்கும் என்பது ஊருக்கே தெரியும். இந்த ஏற்பாட்டில் மாட்டுவது நிஜமாகவே சுருண்டு கிடந்தவன்.

கல்லூரிகள் சொல்லும் பதில்: "வகுப்பில் இல்லாதவனை இருந்ததாக எப்படிப் போடுவது? ரெகுலேஷன் இடம் கொடுக்காது." இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. காரணம், ஓ.டி. என்.சி.சி. கேம்ப்புக்கு ஓ.டி., வேறு காலேஜ் சிம்போசியத்தில் பேப்பர் வாசிக்க ஓ.டி., கல்ச்சுரல்ஸுக்கு ஸ்டேஜ் கட்ட ஓ.டி. தமிழ்நாட்டில் கல்லூரி படித்த யாரும் ஓ.டி. லெட்டரோடு அலையாமல் வெளியே வந்திருக்க மாட்டார்கள். வகுப்பில் இல்லாத ஒருவரை நல்ல காரணத்துக்காக இருந்ததாகக் கருதும் நுட்பம் நம்மிடம் நன்றாகவே இருக்கிறது. ரத்தம் ஏற்றிக்கொள்வது அந்த நல்ல காரணங்களில் ஒன்று என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லா வகுப்புக்கும் ஒரே எடை இல்லை என்பதும் நம் ஒழுங்குமுறை அமைப்புகளுக்குத் தெரியும். எம்.பி.பி.எஸ்.ஸில் தியரிக்கு 75, பிராக்டிக்கலுக்கு 80 என்று பிரித்திருக்கிறார்கள். நோயாளி பக்கத்தில் நிற்பதும் ஸ்லைடு பார்ப்பதும் ஒன்றல்ல என்ற புத்தி அந்த ஐந்து சதவீத வித்தியாசத்தில் இருக்கிறது. அதே புத்தியை இன்னும் ஒரு படி நகர்த்தினால், இந்தப் பாடத்தில் நேரில் இருப்பது எதற்காக என்று கேட்க வேண்டி வரும்.

அமெரிக்காவில் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள். 1973-ன் மறுவாழ்வுச் சட்டம் 504-ஆம் பிரிவும், 1990-ன் ஏ.டி.ஏ. சட்டமும் ஒரு எல்லை வைத்தன: கேட்கும் மாற்றம் படிப்பின் அடிப்படையையே மாற்றிவிடும் என்றால் கல்லூரி மறுக்கலாம், இல்லையென்றால் தரணும். எது அடிப்படை என்று எப்படித் தெரியும்? 1996-ல் கலிபோர்னியாவின் கப்ரியோ கல்லூரி பற்றிய புகாரை விசாரித்த கல்வித்துறையின் சிவில் உரிமை அலுவலகம் சில கேள்விகளை எழுதி வைத்தது. வகுப்பில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே உரையாடல் நடக்கிறதா? மாணவர் பேசுவது கற்றலில் பெரிய பங்கா? ஒருவர் வராததால் மற்ற மாணவர்களுக்கு எவ்வளவு நஷ்டம்? சிலபஸில் என்ன எழுதியிருக்கிறது? மார்க் எப்படிப் போடுகிறார்கள்? இன்றும் அங்கே மாற்றுத்திறனாளி அலுவலகங்கள் இந்தக் கேள்விகளை வைத்துத்தான் பேசுகின்றன. இவற்றில் எதுவும் மாணவரின் உடம்பைப் பற்றியது இல்லை என்பதைக் கவனிக்கலாம். விசாரிக்கப்படுவது பாடம்.

2001-ல் கோல்ஃப் வீரர் கேசி மார்ட்டின் வழக்கிலும் இதே தர்க்கம்தான். வலது காலில் ரத்த ஓட்டக் கோளாறு, நடந்தால் ஆபத்து, வண்டியில் போக அனுமதி கேட்டார். நடப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்றது பி.ஜி.ஏ. பந்தை அடிப்பதுதான் ஆட்டம், நடப்பது அதன் சாரம் இல்லை என்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. பதில் எப்போதும் மாணவருக்குச் சாதகமாக வரும் என்றும் இல்லை. 1997-ல் நியூயார்க்கில் பீதி நோய் உள்ள ஒரு முதுகலை மாணவர், நேரில் வர வேண்டிய சில நாட்களைத் தொலைபேசியில் முடித்துக்கொள்ளக் கேட்டபோது, நேரில் கூடுவதுதான் அந்தப் பகுதியின் உயிர் என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. எனக்கு அது கேள்வியின் பலமாகத்தான் படுகிறது.

அவர்கள் முறையை அப்படியே இறக்குமதி பண்ணலாமா என்றால் தயங்குவேன். அங்கே மாணவர் ஒவ்வொரு செமஸ்டரும் ஒவ்வொரு பேராசிரியரிடமும் கடிதத்தோடு போய்ப் பேச வேண்டும். எத்தனை நாள் விடலாம் என்பது பல கடிதங்களில் 'நியாயமான அளவு' என்று மங்கலாகவே நிற்கிறது. நம் ஊரில், இன்டர்னல் மார்க் கையில் வைத்திருக்கும் சாரிடம் ஒரு பதினெட்டு வயசுப் பெண் போய்ப் பேரம் பேசுவது நடக்கிற காரியமா? "வேணும்னா பார்க்கலாம்மா" என்ற ஒரு வார்த்தையோடு முடிந்துவிடும். நம்மிடம் இது ஆளைப் பொறுத்த கருணையாக இல்லாமல் எழுதப்பட்ட விதியாகத்தான் வர வேண்டும். அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு: விட்டு விட்டு வரும் நோய், அது கிளம்பும் நேரத்தில் ஆளை முடக்குமானால் ஊனம்தான் என்று 2008-ல் ஏ.டி.ஏ.வைத் திருத்தினார்கள். நம் 2016 சட்டத்தின் வரையறையில் 'நீண்டகால' என்ற சொல் உண்டு, இதற்கான வரி இல்லை.

இதில் எதிர்ப்பு ஆசிரியர்களிடமிருந்துதான் அதிகம் வரும், அதிலும் நியாயம் இருக்கிறது. அறுபது பேர் வகுப்பில் நாலு பேருக்குத் தனியாக நோட்ஸ், தனியாக டெஸ்ட் என்றால் வேலை யார் தலையில்? அந்த வேலைக்கு ஆள் தராமல் விதியை மட்டும் தளர்த்தினால், பையன் வராமலே இருப்பான், பாடமும் வராது, அரியர் விழும். தளர்வு என்பது நாளைக் கழிப்பதோடு நிற்காமல் விட்ட பாடத்தைத் திருப்பித் தரும் வழியோடு வரணும். லேப்புக்கும் கிளினிக்குக்கும் வீடியோ பதில் ஆகாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். டைட்ரேஷனைக் கையால் செய்தால்தான் வரும்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பெண்ணின் விஷயத்தில் வீடியோவே தேவைப்படாது. அதே லேப்பை பி பேட்ச் வியாழக்கிழமை செய்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவள் பி பேட்ச்சோடு நிற்க ஒரு ஸ்டூல் வேண்டும், அந்த ரெஜிஸ்டரில் அவள் பேரை எழுத ஒரு வரி இடம் வேண்டும். எக்ஸ்பெரிமெண்ட் போகவில்லை, அட்டெண்டன்ஸும் போகவில்லை. இதைச் செய்ய இன்றைக்கு எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை. டைம்டேபிள் போடும் சார், செமஸ்டர் தொடங்கும் முதல் வாரத்தில் அவளிடம் கேட்டிருந்தால் போதும்.