ரேஞ்ச் வண்டி எந்த ஊரில் நிற்கும்?

கணிப்பொறி மொழிக்குக் குறிப்பேடு எழுதுவது எளிய வேலை என்று பலர் நினைக்கிறார்கள். கட்டளைகளை அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி எழுதினால் போதுமாம். அது யாருக்குப் பயன்படுகிறது என்று பார்ப்போம்.

1991இல் வெளிவந்த பைத்தான் மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் அது நமது பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலிலும் இடம்பெற்றது. உசிலம்பட்டியில் தமிழ்வழியில் படிக்கும் மாணவி ஒருத்தி, 'ரேஞ்ச்' என்னும் கட்டளையை அம்மொழியின் அதிகாரபூர்வக் குறிப்பேட்டில் தேடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சார்புகளின் பட்டியலில் அது இருக்கிறது. ஆனால் அங்கே சொல்லப்படுவதோ, இது உண்மையில் சார்பே அன்று, மாற்ற முடியாத ஒரு தொடர்வகை என்பது! அறிந்தவருக்கு இது துல்லியமான செய்தி. புதியவருக்கோ, தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் ஹைட்ரஜனின் அணு எடையைச் சொன்ன கதைதான். எடுத்துக்காட்டுகள் இல்லாமல் இல்லை. அவை வேறொரு பக்கத்தில் இருக்கின்றன.

சரி, தமிழில் பெயர்த்துவிட்டால் தீருமா? ரேஞ்ச்(1, 5) என்பதை '1 முதல் 5 வரை' என்று எழுதிவிடத் தோன்றும். அங்கேதான் ஆபத்து. மதுரையிலிருந்து மேலூர் வரை டிக்கெட் வாங்கினால் மேலூரில் இறங்கலாம். ரேஞ்ச் வண்டியோ முந்தைய நிறுத்தத்திலேயே நின்றுவிடும். 1, 2, 3, 4 மட்டுமே கிடைக்கும். இலக்கணம் சரியாக இருந்தும் பொருள் பிழையான மொழிபெயர்ப்பு இது.

மொழியே தமிழில் இருந்தால்? முத்தையா அண்ணாமலை உருவாக்கி, 2009இல் கட்டுரை வாயிலாக அறிமுகப்படுத்திய 'எழில்' மொழியில் நிபந்தனை முன்னும் 'ஆனால்' பின்னுமாக வருகின்றன. தமிழ் வாக்கியத்துக்கு இசைந்த அமைப்பு, மனமாரப் பாராட்டலாம். ஆனால் சுழற்சிக்கு அங்கும் 'வரை' என்ற சொல்தான். '@(எண் < 5) வரை' என்பது, எண் 5ஐவிடக் குறைவாக இருக்கும் வரை சுழல வேண்டும் என்று பொருள்படும். குறைவாக ஆகும் வரை என்று நேர்மாறாகவும் ஒருவர் படிக்கலாமே! அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டும் அதன் விடையும் இருந்தால்தான் ஐயம் நீங்கும்.

நம் ஆய்வகங்களில் புழங்கிய மடக்கை அட்டவணையை நினைத்துப் பாருங்கள். அது மடக்கையைக் கற்பிப்பதில்லை. ஆயினும் வலப்புறத்துச் சராசரி வேறுபாட்டை எப்படிக் கூட்டுவது என்று ஒரு கணக்கைச் செய்து காட்டிவிட்டால், மாணவர் பிறகு யாரையும் கேட்பதில்லை. கெர்னிகனும் ரிச்சியும் 1978இல் எழுதிய சி மொழி நூலும் பாடத்தை முன்னே வைத்து, விதிகளைப் பின்னிணைப்பில் தள்ளியது.

ரேஞ்சுக்கு நான் குறிப்பு எழுதுவதானால் இப்படித் தொடங்குவேன்: 'ரேஞ்ச்(1, 5) தருவது 1, 2, 3, 4. ஐந்தும் வேண்டுமானால் 6 என்று எழுதுக.' அது சார்பா, வகையா என்ற வழக்கு அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கட்டும்.