தரவகமும் தமிழ்ச் சொல்வழக்கும்

இலக்கண ஆசிரியன் விதியை முன்னர் வகுத்து வழக்கை அதனுள் அடக்குவதில்லை. வழக்கை நோக்கியே விதியை வகுக்கின்றான். தொல்காப்பியர் உலக வழக்கையும் செய்யுள் வழக்கையும் ஒருங்கு நோக்கினார் எனப் பாயிரம் கூறுதல் இதுபற்றியே. இந்நாளில் எழுத்துகளைப் பெருந்தொகையாகக் கணினியில் திரட்டி, அத்திரட்டாகிய தரவகத்தைக்கொண்டு மொழியை ஆராய்தலும் அந்நெறியின் வளர்ச்சியே எனலாம்.

ஆயினும், திரட்டின் பருமை ஒன்றே சான்றாகாது. 1961ஆம் ஆண்டில் அச்சேறிய அமெரிக்க ஆங்கில எழுத்துகளிலிருந்து பிரவுண் பல்கலைக்கழகத்தில் தொகுக்கப்பெற்ற தரவகம் ஏறத்தாழ 10 இலட்சம் சொற்களையே உடையது. செய்தி, புனைகதை, அறிவியல் முதலாய 15 வகைகளினின்று 500 பகுதிகளை அளவறிந்து தேர்ந்தமையே அதன் சிறப்பு. தமிழ்நாட்டு நாளேடுகளை மட்டும் குவித்து எண்ணின், பேசுதலைக் குறிக்கும் 'கதைத்தல்' என்னும் ஈழ வழக்கு அருகிய சொல்லாகவே தோன்றும். குறை சொல்லினது அன்று, தேர்வினது.

க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, 2008ஆம் ஆண்டு விரிவாக்கப் பதிப்பில் இலங்கை வழக்குகளுக்கும் இடமளித்தமை போற்றத்தக்கது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஈழத்து ஏடுகள் பல பக்கப்படங்களாக உள்ளன. அவற்றைப் பிழையற எழுத்துருவாக்கினாலன்றிக் கணினி எண்ணமாட்டாது. அப்பணி முற்றுப்பெறுமுன் எண்ணிக்கையால் ஈழத்தமிழை அளத்தல் முறையன்று.