அந்தக் காகிதம் பறக்கும்போது

நேற்று ராத்திரி மூன்றாவது தடவையாக ‘நைட் ஆஃப் தி டீமன்’ பார்த்தேன். 1957இல் வந்த பிரிட்டிஷ் கறுப்பு வெள்ளைப் படம். முடிந்து எழுந்தபோது மின்விசிறிக் காற்றில் மேசைமேல் கிடந்த மளிகைக்கடை பில் படபடத்தது. அப்படியே நின்றுவிட்டேன். ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்டி நெஞ்சைத் திக்கென்று ஆக்கிய படம், நான் பார்த்தவற்றில் இது ஒன்றுதான்.

ஜூலியன் கார்ஸ்வெல் என்றொரு சூனியக்காரர். யாரை ஒழிக்க வேண்டுமோ அவர் கைக்கு, பழைய ரூன் எழுத்துகள் கொண்ட ஒரு காகிதச் சுருளை அவருக்கே தெரியாமல் சேர்த்துவிடுவார். குறித்த நாளில், குறித்த மணிக்குப் பூதம் வந்துவிடும். தப்ப ஒரே வழி, கொடுத்தவனிடமே அவன் அறியாமல் திருப்பிக் கொடுப்பது. ஏவலை ஏவியவன்மேலேயே திருப்பிவிடுவது என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அச்சு அசலாக அதேதான்! எம். ஆர். ஜேம்ஸ் 1911இல் வெளியிட்ட ‘காஸ்டிங் தி ரூன்ஸ்’ என்ற சிறுகதைதான் மூலம்.

மாட்டிக்கொள்பவர் டாக்டர் ஜான் ஹோல்டன். பேய், பிசாசு எல்லாம் மனப்பிரமை என்று அடித்துச் சொல்லும் அமெரிக்க உளவியலாளர். லண்டன் மாநாட்டுக்கு வந்த இடத்தில், பிரிட்டிஷ் மியூசியம் வாசிப்பறையில் காகிதம் கைமாறுகிறது. கீழே விழுந்த ஹோல்டனின் தாள்களைக் கார்ஸ்வெல் பொறுக்கி எடுத்துத் தருகிறார், அவ்வளவுதான். எத்தனை மரியாதை, எத்தனை பணிவு! மறுமுறை பார்க்கும்போது அந்தக் கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்ஸ்வெல்லாக வரும் நயல் மெக்கின்னிஸை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். தாடி வைத்த, செல்லமாகப் பேசுகிற, அம்மாவோடு வாழும் மனிதர். கிராமத்துப் பிள்ளைகளுக்கு வருடாவருடம் விருந்து வைத்து, கோமாளி வேஷம் போட்டு வித்தை காட்டுகிறார். தோட்டத்தில் இரண்டு பையன்கள் பாம்பும் ஏணியும் ஆடுகிறார்கள், நம்முடைய பரமபதம். ஏணியில் ஏறுவதைவிடப் பாம்பில் சறுக்குவதுதான் தனக்குப் பிடித்தது என்கிறார் கார்ஸ்வெல். வைகுண்ட ஏகாதசி இரவுகளில் தாயம் உருட்டி, பெரிய பாம்பின் வாயில் விழுந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு வளர்ந்தவள் நான். எனக்கு அந்த ஒரு வசனத்திலேயே உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுத்த நிமிடம், ஹோல்டனுக்குக் காட்டுவதற்காக அவர் காற்றை அழைக்கிறார். நாற்காலிகள் பறக்கின்றன, குழந்தைகள் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்தக் கோமாளி முகம் மட்டும் அசையாமல் நிற்கிறது.

பிறகு ராண்ட் ஹோபர்ட். என்னைப் பொறுத்தவரை இந்தப் படத்தின் உயிரே இவர்தான். பூதத்தைக் கண்ணால் கண்டு, வாயடைத்து, மரக்கட்டைபோல் கிடக்கும் விவசாயி. அறிஞர்கள் கூடியிருக்கும் மேடையில் ஊசி போட்டு, ஹிப்னாடிசம் செய்து, ஹோல்டன் அவரைப் பேசவைக்கிறார். தனக்கு வந்த காகிதத்தைத் தன் சகோதரனிடமே திருப்பித் தந்துவிட்டுத் தப்பியதை ஹோபர்ட் சொல்கிறார். சரிபார்க்கலாம் என்று ஹோல்டன் தன் சட்டைப்பையிலிருந்து சுருளை எடுத்து நீட்டுகிறார். தன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று நினைத்த ஹோபர்ட், கத்திக்கொண்டு ஓடி ஜன்னலை உடைத்துக் குதித்துவிடுகிறார். ஹோல்டன் கையில் காகிதத்தோடு நிற்கிறார். தர்க்கம் பேசிப் பேசி வளர்ந்த ஒரு மனிதரின் நம்பிக்கை விரிசல் விடுவதை இவ்வளவு துல்லியமாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவரை அசைத்தது பூதமல்ல, பூதத்தைப் பார்த்தவனின் பயம்.

கார்ஸ்வெல்லுக்கும் அதே பயம்தான். வீடு, செல்வம், சீடர்கள் எல்லாவற்றுக்கும் விலை உண்டு என்று அம்மாவிடம் அவர் சொல்லும்போது, அந்தக் குரலில் நடுக்கம் கேட்கும்.

பூதத்தைக் காட்டியிருக்கலாமா என்பது பழைய சண்டை. இயக்குநர் ழாக் டூர்னருக்கு அதில் விருப்பமில்லை, தயாரிப்பாளர் ஹால் செஸ்டர்தான் பிடிவாதமாகச் சேர்த்தார். மரங்களுக்கு மேலே தூரத்தில் உருண்டு வரும் அந்தப் புகைச்சுருளையும் கிறீச்சிடும் சத்தத்தையும் நான் உயிராக நேசிக்கிறேன். முகத்தை அருகில் காட்டியிருக்க வேண்டாம். ‘கேட் பீப்பிள்’ (1942) படத்தில் நிழலையும் ஒரு பஸ்ஸையும் வைத்தே நம்மைத் தூக்கிப்போட்டவர் அல்லவா டூர்னர்!

ஒரு வேண்டுகோள். அமெரிக்காவில் இதைப் பத்து நிமிடத்துக்குமேல் வெட்டி ‘கர்ஸ் ஆஃப் தி டீமன்’ என்று வெளியிட்டார்கள். அதைத் தொடாதீர்கள். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும் முழுப் படத்தையே தேடிப் பிடியுங்கள்.

கடைசிக் காட்சி ரயில் நிலையத்தில். ஹோல்டனுக்குக் குறித்த மணி பத்து, அது தாண்டிவிட்டது. தண்டவாளத்தருகே ஒரு உடல் கிடக்கிறது. ரயில் அடித்ததா, வேறு ஏதாவதா? போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். வாழ்நாளெல்லாம் ஆதாரம் கேட்ட ஹோல்டன், தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது என்று திரும்பி நடக்கிறார்.